பாகப்பிரிவினை வழக்கில் இழுத்தடிப்பவருக்கே லாபம்: இதற்கு வழியே கிடையாதா?

மருதநிலம்

அம்மாவின் வழக்கு 2007-இல் சப் கோர்ட்டில் தாக்கலானது. இன்றுவரை ஒரு குழி நிலம் கைக்கு வரவில்லை. சட்டம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். முழுவதும் எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் பதினெட்டு மா (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு) நஞ்சை, ஊரில் ஒரு ஓட்டு வீடு. எல்லாம் தாத்தாவுக்குப் பூர்வீகமாக வந்தவை. பாட்டி முன்பே போய்விட்டார். தாத்தா 2003-இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். பிள்ளைகள் மூன்று பேர்: இரண்டு மாமாக்கள், என் அம்மா. அம்மாவுக்கு 1982-இல் கல்யாணம் ஆனது. 1989-இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அப்போது மணமாகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும்தான், அதனால் அம்மாவுக்கு அது பயன்படவில்லை. 2005 செப்டம்பர் 9-இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று வந்த பிறகு, பெரிய மாமாவிடம் கேட்டுப் பார்த்து, பதில் இல்லாமல்தான் வழக்குப் போட்டோம்.

முதல் தகராறே கோர்ட் கட்டணத்தில் வந்தது. கூட்டு அனுபவத்தில் இருப்பவர் பாகம் கேட்டால் ஒரு சிறு தொகை போதும். "அவர் அனுபவத்தில் இல்லை, சொத்து மதிப்புக்கு முழுக் கட்டணம் கட்டச் சொல்லுங்கள்" என்று மாமா தரப்பு மனு போட்டது. அப்போது நூற்றுக்கு ஏழரை ரூபாய் (2017-இல்தான் மூன்றாகக் குறைத்தார்கள்). அந்த மனு, அதன்மேல் சீராய்வு என்று வருஷங்கள் போயின. அப்புறம் எதிர்வழக்குரையில் (எங்கள் வழக்குக்கு அவர்கள் எழுதிக் கொடுத்த பதிலில்), "1995-லேயே வாய்மொழியாகப் பாகம் பிரித்துவிட்டோம்" என்றார்கள். அதற்கு ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

அம்மா சாட்சிக் கூண்டில் நின்ற நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் நிலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "உங்கள் கல்யாணத்துக்கு எத்தனை பவுன் போட்டார்கள்? தலைத் தீபாவளிக்கு என்ன செய்தார்கள்? பிரசவச் செலவை யார் பார்த்தது?" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். கடைசியில், "என் அண்ணன்களுக்கும் கல்யாணம் செய்தார்கள். அந்தச் செலவை யாரும் அவர்கள் பங்கில் கழிக்கவில்லையே" என்றார். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அந்த வாக்கியம் பதிவாகவில்லை. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லையாம்.

2012-இல் பெரிய மாமா இறந்தார். அவருடைய வாரிசுகள் நான்கு பேரைச் சேர்க்க மனு. அதில் ஒருவர் சிங்கப்பூரில் இருப்பதால் நோட்டீஸ் சார்வாகவே (அவர் கைக்குப் போய்ச் சேரவே) நெடுங்காலம் ஆனது. 2015-இல் உச்ச நீதிமன்றம், 2005 திருத்தம் வந்த அன்று அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குச் சம உரிமை என்று ஒரு வழக்கில் சொல்லிவிட்டது. அதை வைத்து 2016-இல் அம்மாவுக்கு ஒன்பதில் ஒரு பங்கு என்று டிக்ரி ஆனது. பதினெட்டு மாவில் இரண்டு மா! அப்பீல் போனோம். 2020 ஆகஸ்ட் 11-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு பழைய தீர்ப்பை மாற்றி, உரிமை பிறப்பால் வருவது, அப்பா உயிரோடு இருந்தாரா என்பது தேவையில்லை என்றது. 2021-இல் மாவட்ட நீதிமன்றம் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆறு மா கொடுத்தது. மாமா தரப்பு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இரண்டாம் மேல்முறையீடு போட்டுத் தடை வாங்கிவிட்டது. அதோடு நிற்கிறது.

2007-இல் தீர்ப்பு வந்திருந்தாலும், 2016-இல் வந்திருந்தாலும், 2021-இல் வந்திருந்தாலும் நிலம் அதேதான், ஆட்களும் அதே ஆட்கள்தான். எந்த வருஷம் பெஞ்சுக்கு வருகிறது என்பதை வைத்து ஒரு பெண்ணின் பங்கு இரண்டு மாவாகவும் ஆறு மாவாகவும் மாறுகிறது. இதற்கிடையில் குறுவையும் சம்பாவும் விளைந்துகொண்டே இருக்கின்றன. அறுத்து விற்பது சின்ன மாமா. வக்கீல் செலவு எங்களுக்குக் கைக்காசு, அவருக்கு அந்த நிலத்து நெல். அவர் ஏன் வழக்கை முடிக்க விரும்பப் போகிறார்?

கோர்ட்வாசல்

சார், நான் சிவில் பக்கம் பதினெட்டு வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். உங்கள் அம்மா வழக்கில் நடந்த ஒவ்வொரு கட்டமும் என் வழக்குக் கட்டுகளிலும் இருக்கிறது.

சட்டப் புத்தகத்தில் கெடு இல்லாமல் இல்லை. எதிர்வழக்குரைக்கு 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள். விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது. 2002-லிருந்து நடைமுறையில் இருக்கும் திருத்தங்கள் இவை. ஆனால் 2005-இல் சேலம் வக்கீல் சங்கம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றமே, 90 நாள் என்பது கட்டாயம் அல்ல, வழிகாட்டுதல்தான் என்று சொல்லிவிட்டது. வணிக நீதிமன்றங்களில் மட்டும் 120 நாளோடு கதவு மூடிவிடும். அதாவது வியாபாரம் செய்பவர்களின் வழக்குக்குக் கண்டிப்பான கெடு, உங்கள் அம்மாவின் ஆறு மாவுக்கு நெகிழ்வான கெடு. இது எனக்குப் பல வருஷமாக உறுத்துகிறது.

ஆனால் நீதிபதிகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பத்து லட்சம் பேருக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1987-இல் சொன்னது. இன்றைக்கும் 21 பக்கம்தான் நிற்கிறது. காலையில் ஒட்டும் பட்டியலை ஒரு நாள் நின்று பாருங்கள். அத்தனை வழக்கையும் ஒருவர் கேட்க முடியாது. அழைத்து, தேதி போட்டாலே மதியம் ஆகிவிடும். சாட்சி விசாரணை பாதியில் இருக்கும்போது நீதிபதிக்கு மாற்றல் வரும். புதிதாக வருபவர் வழக்குக் கட்டை முதலிலிருந்து படிக்க வேண்டும்.

திருப்பூர்_தையல்

வக்கீல் சார், மன்னிக்கவும், எண்ணிக்கை மட்டும் காரணம் என்றால் நான் ஏற்க மாட்டேன்.

நான் சின்னதாக ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். ஒரு பார்ட்டி கொடுத்த செக் திரும்பியது. 30 நாளுக்குள் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார், எல்லாம் கணக்காகச் செய்தேன். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. எதிரி முதலில் சம்மன் வாங்கவில்லை. அப்புறம் பிடிவாரண்ட். அந்த ஆள் தினமும் அதே ரோட்டில் டீ குடிக்கிறார், ஸ்டேஷனில் "ஆளைக் காணோம்" என்று எழுதி அனுப்புகிறார்கள். நீதிபதி எண்ணிக்கையை இரண்டு மடங்கு ஆக்கினாலும் இந்த வாரண்ட் எப்படிச் சார்வாகும்?

2018-லிருந்து இடைக்கால இழப்பீடாக 20 சதவீதம் வரை கட்டச் சொல்லலாம் என்று சட்டம் வந்திருக்கிறது. என் வக்கீல் மனு போட்டிருக்கிறார். அந்த மனுவுக்கே கவுன்ட்டர் (எழுத்துப் பதில்) போட வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் நூல் கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்கு வட்டி ஓடுகிறது. தையல்காரர்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும், அதற்கு வாய்தா கிடையாது.

இன்னொன்று. கோர்ட் புறக்கணிப்பு. வக்கீல்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு முறையும் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும் எங்களிடம் "இன்று பாய்காட்" என்று வாசலிலேயே சொல்லி அனுப்புகிறார்கள்.

கோர்ட்வாசல்

புறக்கணிப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். எங்களுக்குக் குறை இருந்தால் அதைச் சொல்ல வேறு வழிகள் உண்டு. கட்சிக்காரரின் ஒரு நாள் கூலி அதில் போகக் கூடாது.

ஓய்வு_சிரஸ்தார்

கோர்ட் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து சிரஸ்தாராக (கோர்ட் தலைமை எழுத்தராக) ஓய்வு பெற்றவன் நான். வெளியில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

வழக்கு தூங்குவது பெரும்பாலும் வாதத்தில் அல்ல, இடைமனுவிலும் நோட்டீஸிலும்தான். கதவடைத்திருக்கிறது, ஆள் ஊரில் இல்லை, வெளியூர் போயிருக்கிறார் என்று அமீனா (நோட்டீஸ் கொண்டுபோகும் கோர்ட் ஊழியர்) எழுதித் திருப்பினால் அடுத்த பேட்டா (அதற்கான கட்டணம்) கட்ட வேண்டும், அடுத்த தேதி. ஒரு பிரதிவாதி செத்துப்போனால் 90 நாளுக்குள் வாரிசைச் சேர்க்க வேண்டும். விட்டால் வழக்கு அற்றுப்போகும், அதை ரத்து செய்ய ஒரு மனு, தாமதத்தை மன்னிக்க இன்னொரு மனு. முக்கிய வழக்கு ஒன்றுதான் இருக்கும், அதன் முதுகில் ஏழெட்டு ஐ.ஏ. (இடைமனு) ஏறியிருக்கும். பிரதிவாதி வேண்டுமென்றே வராமல் இருந்து எக்ஸ் பார்ட்டி (ஒருதலைப்பட்சம்) ஆகி, டிக்ரி ஆன பிறகு அதை ரத்து செய்யக் கேட்டு வருவதும் ஒரு வழக்கமான உத்தி. வராதவர் மேல் இரக்கம் காட்டுவார்கள். ஒவ்வொரு தேதிக்கும் வந்து நின்றவர் மேல் இரக்கம் காட்ட அந்த மனுவில் இடம் இல்லை.

அப்புறம் மருதநிலம் தம்பி, மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது முதல்நிலைத் தீர்ப்பாணை. உங்கள் பங்கு எவ்வளவு என்று மட்டும்தான் அது சொல்கிறது. எந்த வயல், எந்த வரப்பு என்று பிரிக்க இறுதித் தீர்ப்பாணை வேண்டும். வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு போய், வாய்க்கால் பாசனம், வண்டிப் பாதை எல்லாம் பார்த்து அளந்து அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்கு ஆட்சேபணை வரும். அதன் பிறகு நிலத்தைக் கையில் வாங்க நிறைவேற்று மனு. இந்தியாவில் வழக்காடுபவருக்குக் கஷ்டம் டிக்ரி வாங்கிய பிறகுதான் ஆரம்பமாகிறது என்று வெள்ளைக்காரர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1872-லேயே எழுதியிருக்கிறது. 2025 மார்ச்சில் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு நிறைவேற்று மனு வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. அந்தக் கிரய ஒப்பந்தம் போட்டது 1980-இல். ஆறு மாதத்துக்குள் நிறைவேற்று மனுக்களை முடிக்க உத்தரவிட்டு, நாடு முழுக்கக் கணக்கு எடுக்கச் சொன்னார்கள். வந்த கணக்கு 8.8 லட்சம். அத்தனையும் ஜெயித்தவர்கள் போட்ட மனு!

கரிசல்காரன்

இவ்வளவு படித்த பிறகு ஒன்று தோன்றுகிறது. கோர்ட்டுக்குப் போகாமல் ஊர்ப் பெரியவர்களை வைத்து ராசியாகிவிடுவதுதான் உத்தமம். கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் நிம்மதி. மருதநிலம், இரண்டு மா கொடுத்தபோதே வாங்கிக்கொண்டிருக்கலாமே?

பொருநை_அக்கா

கரிசல்காரன் தம்பி, ஊர்ப் பெரியவர்கள் என்றால் யார்? அந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள்? கல்யாணம் செய்து கொடுத்த பெண்ணுக்கு நிலம் எதற்கு என்ற கேள்விதான் அங்கே முதலில் வரும். அவர் அம்மா கூண்டில் நின்றபோது வந்த பவுன் கணக்கு கோர்ட்டில் ஒருவர் கேட்டது, ஊர்க் கூட்டத்தில் பத்துப் பேர் கேட்பார்கள். 2005 வரை, அண்ணன் தம்பிகள் குடியிருக்கும் பூர்வீக வீட்டைப் பிரிக்கச் சொல்லிக் கேட்கவே பெண்ணுக்கு உரிமை கிடையாது. அந்தத் தடையை எடுத்தது சட்டம்தான், எந்த ஊர்க் கூட்டமும் எடுக்கவில்லை.

லோக் அதாலத்தை நான் மதிக்கிறேன். விபத்து இழப்பீடு, வங்கிக் கடன் போன்றவை அங்கே சீக்கிரம் முடிகின்றன, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கிறது. ஆனால் ஒரு பக்கம் நிலத்தோடும் இன்னொரு பக்கம் வெறுங்கையோடும் இருந்தால் அது எப்படிச் சமரசமாகும்? களைத்துப்போனவர் விட்டுக்கொடுக்கிறார், அவ்வளவுதான். மருதநிலம், அம்மா ஆறு மாவையும் விட வேண்டாம்.

சித்தேரி

நிலம், பணம் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் தர்மபுரி மாவட்டத்துப் பழங்குடி ஊரான வாச்சாத்தியையும் இந்த இழையில் ஒருவர் சொல்ல வேண்டும்.

1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள், பாதிக்கப்பட்ட மக்களையே ஜெயிலில் அடைத்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடி வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 269 பேர் குற்றம்சாட்டப்பட்டார்கள். தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29-இல். அதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. அதன்மேல் அப்பீல். உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் ஊருக்கே நேரில் வந்து பார்த்துவிட்டு அப்பீல்களைத் தள்ளுபடி செய்தது 2023 செப்டம்பர் 29-இல்.

சம்பவம் நடந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை அன்று நடுவயதுப் பெண். தண்டனை பெறாமலே இறந்துபோன, அதுவரை அரசுச் சம்பளமும் பென்ஷனும் வாங்கிய 54 பேருக்கு அந்தத் தாமதம் விடுதலைதான். கடைசியில் நீதி கிடைத்தது என்று பத்திரிகைகள் எழுதின. எங்களுக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 31 வருஷம் ஒரு சின்ன ஊர் ஒற்றுமையாக நின்றதால், பின்னால் ஒரு இயக்கம் நின்றதால் அது நடந்தது. தனியாக ஒரு பெண் இருந்திருந்தால்?

மேலப்பாளையத்தான்

சித்தேரி தோழர் சொன்னதுக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. அங்கே தாமதத்தால் குற்றவாளி தப்பினான், ஜெயிலில் தாமதத்தால் தண்டனையே இல்லாதவன் தண்டனை அனுபவிக்கிறான். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்.

எங்கள் தெருவில் ஒரு பையன். திருட்டு வழக்கு. ஜாமீன் கிடைத்துவிட்டது. இரண்டு பேர் ஜாமீன்தாரராக வர வேண்டும், சொத்துக் காகிதம் காட்ட வேண்டும் என்று நிபந்தனை. வாடகை வீட்டில் இருக்கும் கூலிக்காரக் குடும்பம் எங்கே போகும்? ஜாமீன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அம்மா தெருத்தெருவாக அலைந்ததை நான் பார்த்தேன்.

கோர்ட்வாசல்

மேலப்பாளையத்தார், அந்தப் பையன் இன்னும் உள்ளே இருந்தால் உடனே இதைச் செய்யுங்கள். ஜாமீன் கிடைத்து ஏழு நாளுக்குள் ஒருவர் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். அந்த அம்மாவை அங்கே அழைத்துப் போங்கள், நிபந்தனையைத் தளர்த்த இலவசமாக மனு போடுவார்கள். அதோடு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 479-வது பிரிவில், முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும். வேறு வழக்கு நிலுவையில் இருந்தால் இது பொருந்தாது.

மருதநிலம்

எல்லோருக்கும் நன்றி. பொருநை அக்கா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கரிசல்காரன் அண்ணன் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், வருத்தமில்லை. ஆனால் இரண்டு மாவை அன்றைக்கு யாரும் "இந்தா" என்று கொடுக்கவில்லை. அதற்கும் இறுதித் தீர்ப்பாணை போயிருக்க வேண்டும்.

படித்ததிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகிறது. திருப்பூர் நண்பரின் எதிரியும், என் மாமாவும், வாச்சாத்தி அதிகாரிகளும் செய்தது ஒன்றேதான். தாமதம் அவர்களுக்கு நஷ்டம் தரவில்லை. நீதிபதி எண்ணிக்கை கூட வேண்டும், சரி. ஆனால் வழக்கு நடக்கும் காலத்தில் அனுபவத்தில் இருப்பவர் ஒவ்வொரு போகத்துக்கும் எதிராளியின் பங்கைக் கோர்ட்டில் கட்ட வேண்டும் என்று முதல் நாளிலேயே உத்தரவு இருந்தால், என் மாமாவே வக்கீலிடம் சீக்கிரம் முடியுங்கள் என்று சொல்லியிருப்பார். அப்படி ஒரு வழி சட்டத்தில் இருக்கிறதா?

கோர்ட்வாசல்

இருக்கிறது. கேட்பவர்கள் குறைவு, கொடுப்பவர்கள் அதைவிடக் குறைவு.

முதலாவது, இரண்டாம் மேல்முறையீடு என்பது முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே நிற்கும். 2020 தீர்ப்புக்குப் பிறகு உங்கள் வழக்கில் மிச்சமிருப்பது அந்த 1995 வாய்மொழிப் பாகப்பிரிவினை ஒன்றுதான். பதிவுப் பத்திரமோ நீதிமன்ற டிக்ரியோ இல்லாத வாய்மொழிப் பாகப்பிரிவினையைச் சாதாரணமாக ஏற்க முடியாது, மிக அபூர்வமாக, பட்டா மாற்றம் போன்ற பொது ஆவணங்கள் தெளிவாக இருந்தால்தான் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. மகள்களின் வழக்குகள் ஏற்கனவே தாமதமாகிவிட்டன, நிலுவையில் இருப்பவற்றைக் கூடுமானவரை ஆறு மாதத்தில் முடியுங்கள் என்றும் அதன் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அந்தப் பத்தியையும் அம்மாவின் வயதுச் சான்றையும் இணைத்து, சீக்கிரம் பட்டியலிடக் கேட்டு மனு போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, இதுதான் நீங்கள் கேட்டது. தடையை நீக்கக் கேளுங்கள், இல்லாவிட்டால் நிபந்தனையோடு மாற்றக் கேளுங்கள். மூன்றில் ஒரு பங்கு வருமானத்தை ஒவ்வொரு அறுவடைக்கும் கோர்ட் கணக்கில் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை. கட்ட மறுத்தால் நிலத்துக்கு ரிசீவர் (கோர்ட் சார்பில் நிலத்தைப் பார்த்துக்கொள்பவர்) நியமிக்கக் கேட்கலாம். பழைய வருஷங்களின் வருமானத்தையும் இறுதித் தீர்ப்பாணைக் கட்டத்தில் கணக்குக் கேட்க முடியும், அதை விட்டுவிடாதீர்கள். தடை விலகியதும் கீழ்க் கோர்ட்டில் தனி மனுவுக்குக் காத்திருக்காமல் இறுதித் தீர்ப்பாணைக்கு எடுக்க வேண்டும் என்று 2022-இல் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதையும் வக்கீல் கையில் கொடுங்கள்.

செலவுத்தொகையும் கேளுங்கள். பொய்யான வழக்காடலுக்கு இழப்பீடு அதிகபட்சம் 3,000 ரூபாய்தான் என்று சிவில் நடைமுறைச் சட்டம் 35ஏ பிரிவில் இன்னும் இருக்கிறது. ஆனால் தேதி வாங்கித் தாமதப்படுத்துபவருக்கு 35பி-யில் செலவுத்தொகை விதித்தால், அதைக் கட்டாமல் அவர் மேற்கொண்டு வழக்கு நடத்த முடியாது. அந்தப் பிரிவைச் சொல்லிக் கேட்டால்தான் கிடைக்கும்.

பணம் இடித்தால், பெண் என்பதாலேயே அம்மாவுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள். மதுரைக் கிளையிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது.

மருதநிலம்

வக்கீலிடம் நேற்றே பேசிவிட்டேன், நிபந்தனை மனு தயார் செய்கிறார். விளைச்சல் கணக்கை எப்படிக் காட்டுவது என்றுதான் கேட்கிறார். நெல் முழுவதும் மாமா பெயரில்தான் போகிறது.

ஓய்வு_சிரஸ்தார்

தம்பி, அவர் பெயரில் போவதுதான் உங்களுக்குச் சாட்சி. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் நகல் வாங்குங்கள், எந்தப் போகத்தில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று அதில் இருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட மூட்டைக்கு நுகர்பொருள் வாணிபக் கழகம் வங்கிக் கணக்கில்தான் பணம் போடுகிறது. அந்தப் பதிவேட்டை வரவழைக்க ஆவணம் கோரும் மனு போடச் சொல்லுங்கள். வருஷ வாரியாக, புல எண் வாரியாக ஒரே அட்டவணையாகத் தட்டச்சு செய்து மனுவோடு இணையுங்கள். நீதிபதி ஒரு பக்கத்தில் பார்க்கும்படி இருக்க வேண்டும். சம்பா அறுவடைக்கு முன்னால் மனுவுக்குக் கோர்ட்டில் நம்பர் விழுந்துவிட வேண்டும், அதைக் குமாஸ்தாவிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.